எல்லா டிவியிலும் ஒரே புகை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு டிவி ஆசை பிடித்தது ஓர் ஆறாவது மாடியில்.

அந்தக் குடியிருப்பில் லிஃப்ட் மற்ற மாடிகளில் ஒழுங்காக நிற்கும். ஆறாவது மாடியில் மட்டும் தரைக்கு ஓர் அங்குலம் கீழே நின்று, இறங்குகிறவர்களையெல்லாம் தடுக்கிவிடும். அதைச் சரிசெய்ய அவர் கருவிப் பையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தபோது எதிர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. அதில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. பந்து எங்கே போயிற்று, யார் அடித்தார்கள் என்பதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை. புல்லைத்தான் பார்த்தார். ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. அரை மணி நேர வேலையை அன்று ஒன்றரை மணி நேரம் செய்தார்.

அவர் வீட்டிலும் டிவி இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்பு வாங்கிய சின்ன டிவி. அதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய குறையாக இருந்தது. ஒழுங்காக ஓடுகிற சாமானை மாற்ற வேண்டும் என்று அந்த வீட்டில் வாயைத் திறக்க முடியாது. அவர் மனைவி தையல்காரி. கிழிந்ததைத் தைத்து, நீண்டதைக் குறைத்து, இறுகியதைப் பிரித்துவிட்டுச் சம்பாதிக்கிறவள். புதிது வாங்கலாம் என்று யாராவது சொன்னால் "இருக்கிறதுக்கு என்ன கேடு?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு வீட்டில் இருந்தது மூன்று பேர்: அவர், மனைவி, அவருடைய அக்கா.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. "நாள் பூரா ஊர்ல இருக்கிற புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் யாருக்கு ஆசை வரும்?" என்பாள். அந்த வீட்டில் உண்மையில் டிவி பார்த்தது அவள் ஒருத்திதான். மனைவிக்குத் தையல் மெஷினும் துணியும். அவருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் கிடைக்கும் கால் மணி நேரச் செய்தி. மற்ற நேரமெல்லாம் ரிமோட் அக்கா மடியில்தான்.

ஒரு நாள் அவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அக்கா ஆரம்பித்தாள்.

"டேய், இந்த டிவிக்கு உசுரு போயிட்டிருக்கு. படமெல்லாம் ஒரே புகையா இருக்கு பாரு."

அவர் பார்த்தார். செய்தி வாசிக்கிற பெண் பளிச்சென்று இருந்தாள். அவள் கழுத்துச் சங்கிலியின் கண்ணிகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது. 'நல்லாத்தானே இருக்கு' என்று சொல்ல வாயெடுத்தார். அந்த நொடியில் ஆறாவது மாடிப் புல் கண் முன்னால் வந்து நின்றது. வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு, "ஆமாக்கா, மங்கலாத்தான் இருக்கு" என்றார்.

"நான் சொன்னேன்ல? மஞ்சளடிச்சாப்பல வேற இருக்கு."

"மஞ்சளுந்தான்" என்றார் அவர். ஒரு பொய் சொன்ன பிறகு இரண்டாவதற்கு என்ன கணக்கு?

மனைவி தைத்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள். "ஏங்க, நெஜமாவே கெட்டுப்போச்சா? துடைச்சுப் பாத்தீங்களா?"

"துடைச்சாச்சும்மா. உள்ளுக்குள்ளயே போயிடுச்சு. இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸே கிடையாது" என்று அவர் ஒரு மெக்கானிக்கின் முழு கனத்தோடு சொன்னார். மெஷின்கள் மேல் அவர் வைத்திருந்த மரியாதைக்கு அது அழகில்லை. ஆனால் அன்றைக்கு ஆசைதான் பேசியது.

அடுத்த இரண்டு மாதமும் அக்காவின் புகார் கூடிக்கொண்டே போனது. நாடகத்தில் வில்லி யார், கதாநாயகி யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்றாள். நாற்காலியை முன்னால் இழுத்து இழுத்து, கடைசியில் டிவிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பூனைகூடப் புக முடியாத அளவுக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு புகாருக்கும் அவர் தலையாட்டினார். மனைவியும் கடைசியில் இறங்கி வந்தாள். இரண்டு பேரும் சேர்த்து வைத்திருந்ததில் நடுத்தரமான ஒரு தொகையை ஒதுக்கினாள். "இதுக்கு மேல ஒரு காசு கிடையாது. கடைக்காரன் என்ன பேசினாலும் சரி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அளவு நாடாவை எடுத்து டிவி வைக்கும் மேசையை அளந்து ஒரு துண்டுத் துணியில் சாக்கட்டியால் எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கிளம்பினார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று மனைவி கிண்டல் செய்தாள்.

கடையில் ஒரு சுவர் முழுக்க டிவிதான். இருபதுக்குக் குறையாது. எல்லாவற்றிலும் ஒரே படம்: கடலுக்கடியில் பவளப் பாறைகளுக்கு நடுவே கலர் கலராக மீன்கள். அவருக்கு வாய் பிளந்துவிட்டது. விற்பனையாளர் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நல்ல பசியிலிருக்கிறவர் இலையைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"வாங்க சார், என்ன சைஸ் பாக்கறீங்க? அறுபத்தஞ்சு இஞ்ச் இன்னைக்கு மட்டும் ஆஃபர்ல போகுது."

"எங்க மேசை நாப்பத்திரண்டு இஞ்ச்" என்றாள் மனைவி.

"மேடம், டிவியைக் குறுக்கால, மூலைக்கு மூலை அளப்போம். நீங்க சொல்றது அகலம்."

"அது எனக்குத் தெரியும். அறுபத்தஞ்சு மூலைக்கு மூலைன்னா அகலம் அம்பத்தாறுக்கு மேல வரும். எங்க மேசையில வச்சா ரெண்டு பக்கமும் இறக்கை முளைச்ச மாதிரி நிக்கும்." அவள் கைப்பையிலிருந்து நாடாவை உருவி, ஐம்பது இஞ்ச் டிவி ஒன்றின் அடியில் குனிந்தாள். "இதோட கால் ரெண்டும் ரெண்டு ஓரத்துல இருக்கு. நாப்பத்திநாலு இஞ்ச் தள்ளி. மேசையை விட்டு இறங்கிடும். நாப்பத்திமூணு இஞ்ச் டிவியைக் காட்டுங்க."

விற்பனையாளரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் பத்து வருடமாக டிவி விற்கிறார். டிவிக்குக் காலளவு எடுத்த வாடிக்கையாளரை அன்றுதான் பார்க்கிறார்.

இதற்கிடையில் அக்கா சுவர் ஓரமாக ஒவ்வொரு டிவியாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எக்ஸ்சேஞ்சில் புது ஆபரேட்டர்களை மேற்பார்வை பார்த்த அதே நடை. ஐந்தாறு டிவி தாண்டியதும் அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"தம்பி, என்ன கடை இது? இருபது டிவி வச்சிருக்கீங்க, இருபதும் ரிப்பேரு!"

விற்பனையாளர் பதறிப்போனார். "அம்மா, எல்லாம் புதுசும்மா."

"புதுசா? எல்லாத்துலயும் ஒரே புகை. மஞ்சளடிச்சுப்போய்க் கெடக்கு. எங்க வீட்டு டிவி மாதிரியேதான் இருக்கு. இதுக்கு எதுக்கு நாங்க பஸ் ஏறி வரணும்?"

சொல்லிக்கொண்டே அவள் பணம் கட்டும் மேசைப் பக்கம் போய் நின்றாள். அங்கே ஒன்றைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"இதுலயும் புகை இருக்கு. ஆனாலும் இது கொஞ்சம் தேவலை. மீனு நெஜ மீனு மாதிரியே நீந்துது. இது என்ன விலை?"

விற்பனையாளர் தயங்கித் தயங்கி, "அம்மா, அது மீன் தொட்டி" என்றார்.

பக்கத்தில் நின்றிருந்த ஒரு குடும்பம் சிரித்தது. தையல்காரியும் முதலில் சிரித்துவிட்டாள். சிரித்த வாய் பாதியிலேயே மூடிக்கொண்டது. போன வாரம் அக்கா பொத்தான் தைக்கிறேன் என்று ஊசியை வாங்கிக்கொண்டு போய், கால் மணி நேரம் கழித்து "நூல் சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் ஒரு டிவியின் கீழே இருந்த விலை அட்டையைக் காட்டினாள்.

"அண்ணி, இதுல என்ன போட்டிருக்குன்னு படிங்களேன்."

"ஏன், உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"நீங்க படிங்க."

அக்கா அட்டையைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். தலையைச் சாய்த்தாள். "விலை ஜாஸ்தின்னு போட்டிருக்கு" என்றாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.  கதவு மூடாத லிஃப்ட் கீழே இறங்குவதைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது லிஃப்ட் மெக்கானிக்குக்கு. அக்கா புகையென்று சொன்னது எதை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் விற்பனையாளரிடம், "அப்புறம் வர்றோம்" என்றார். அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு ஐம்பது முறை கேட்கிற விற்பனையாளர், அன்றைக்கு மட்டும் கதவுவரை வந்து, "முதல்ல அம்மாவுக்குக் கண்ணைக் காட்டுங்க சார். டிவி எங்கயும் போயிடாது" என்று சொல்லி அனுப்பினார்.

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். அக்காவின் தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு கண்லயும் புரை. வலது கண்ல நல்லாவே முத்தியிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, ஆபரேஷன் பண்ணிட்டு அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். ஆனா இவ்வளவு நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க? எத்தனை மாசமா மங்கலா இருக்கு?"

  பதில் தம்பிக்குத் தெரியும். குறைந்தது இரண்டு மாதம். அந்த முதல் நாள் 'நல்லாத்தானே இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா அன்றைக்கே யோசித்திருப்பாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு என்ன தெரிகிறதோ என்று அவர் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டிவிக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து ஆபரேஷனுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அக்கா ஒரே முறைப்பில் அடக்கினாள். "எனக்குப் பென்ஷன் வருது. என் கண்ணுக்கு நான் பாத்துக்கறேன்."

ஆபரேஷன் அன்று காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சை அங்கி போட்டுக்கொண்டு அக்கா முறைக்குக் காத்திருந்தாள். கையிலிருந்த டோக்கனை உருட்டி உருட்டிக் குழல் மாதிரி ஆக்கிவிட்டாள். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். அவர் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டாதே."

"திட்டற மாதிரி இருந்தா திட்டத்தான் செய்வேன். சொல்லு."

"டிவி நல்லாத்தான் இருந்துச்சு. மொத நாளே எனக்குப் பளிச்சுனுதான் தெரிஞ்சுது. பெரிய டிவி வாங்கணும்னு எனக்கு ஆசை. அதான் நீ சொன்னதுக்கெல்லாம் ஆமா ஆமான்னேன். அப்பவே உண்மையைச் சொல்லியிருந்தா..." 

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.  பிறகு அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று அவர் பயந்துபோனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அட கூறுகெட்டவனே! டிவிதான் கெட்டுப்போச்சுன்னு நான் நம்பினேன்னா நினைக்கறே? தெருவிளக்கும் புகையாத்தான் தெரிஞ்சுது. நிலாவும் புகையாத்தான் தெரிஞ்சுது. தெருவிளக்கை மாத்தச் சொல்லி நகராட்சிக்கு எழுதலாம், நிலாவுக்கு யார்கிட்ட எழுதறது?"

"அப்ப தெரிஞ்சேவா...?"

"தெரியும்டா. கண்ல கத்தி வைப்பாங்கன்னு பயம். டிவி மேல பழியைப் போட்டேன். நீ எங்க 'இல்லக்கா, உன் கண்ணுதான்'னு சொல்லிடுவியோன்னு தெனமும் பயந்துட்டே இருந்தேன். நீ ஆமா போட்டதும் அப்பாடான்னு இருந்துச்சு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பொய்யர்கள். மருந்தோடு வந்த தையல்காரி, ஆபரேஷனுக்கு முன்னால் இப்படிச் சிரிக்கிற அக்கா தம்பியை எங்கேயும் பார்த்ததில்லை என்றாள். விஷயத்தைச் சொன்னதும், "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ரெண்டு மாசமா முட்டாளாக்கியிருக்கீங்க" என்று கோபித்துக்கொண்டாள். அந்தக் கோபம் நர்ஸ் வந்து அக்காவின் பெயரைக் கூப்பிடும்வரைதான் நின்றது. கூப்பிட்டதும் அண்ணியின் கையை விடாமல் கதவுவரை போனது அவள்தான்.

மறுநாள் வலது கண் கட்டைப் பிரித்தார்கள். அக்கா முதலில் டாக்டரைப் பார்த்தாள், பிறகு சுவரை, பிறகு சன்னல் திரையை.

"இந்தத் திரை நீலமா?"

"நீலந்தாம்மா."

"நேத்து பச்சையா இருந்துச்சே!" என்றாள். அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒட்டடை தெரிந்தது, பாத்திரத்தின் அடியில் கரி தெரிந்தது, தம்பியின் காதுக்கு மேலே நரை தெரிந்தது. "எப்படா இவ்வளவு கிழவனானே?" என்று கேட்டாள். தம்பி மனைவி முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்து, "நீ ரொம்ப இளைச்சுட்டே. ராத்திரியெல்லாம் தைக்காதே" என்றாள். அடுத்த மாதம் இரண்டாவது கண்ணும் ஆனது. அப்போது பயமில்லை. சினிமாவுக்குப் போகிறவள் மாதிரி கிளம்பிப் போனாள்.

பழைய டிவி இப்போது அக்காவுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. வில்லிக்குக் கதாநாயகியைவிட முகவெட்டு நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். ஆக, புது டிவி பேச்சு அடங்கிப்போயிற்று. ஒதுக்கிய தொகை பெட்டியில் அப்படியே இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பது? செய்தி பார்க்கிற கால் மணி நேரத்தில்கூடத் தலையைக் குனிந்துகொண்டு, தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் அதைப் பார்த்தாள் அக்கா. பதினோராவது நாள் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏண்டா, மூஞ்சி ஏன் தொங்கிப்போய்க் கெடக்கு?"

"ஒண்ணுமில்லையே."

"இப்ப எனக்குக் கண்ணு தெரியுது. ஏமாத்த முடியாது. பெரிய டிவி ஆசை இன்னும் இருக்குல்ல?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி மெஷினை நிறுத்தியிருந்தாள்.

"இருக்குக்கா" என்றார்.

"அப்ப அதை வாயைத் திறந்து சொல்லு. டிவி கெட்டுப்போச்சு, பார்ட்ஸ் கிடைக்கலைன்னு கதையளக்காதே. ஆசையா இருக்கு, வாங்கிக்கறேன்னு சொல்லு. வருஷம் பூரா அடுத்தவன் வீட்டு லிஃப்டுக்குள்ள கெடக்கிறவனுக்கு ஒரு ஆசை கூடாதா?"

லிஃப்ட் மெக்கானிக் எழுந்து நின்றார். ஐம்பத்திரண்டு வயதில், பள்ளிக்கூடப் பையன் மாதிரி கைகட்டிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: "எனக்கு ஒரு பெரிய டிவி வேணும். ஒரு காரணமும் இல்ல. ஆசையா இருக்கு."

தையல்காரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இதை ஆறு மாசம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? என்கிட்டத்தான் அந்த ஆறாவது மாடிக் கதையைச் சொன்னீங்களே, தூக்கத்துல. புல்லு புல்லுன்னு."

மறுபடியும் அதே கடைக்குப் போனார்கள். விற்பனையாளருக்கு அக்காவை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. இந்த முறை அவர் அறுபத்தைந்தைப் பற்றிப் பேசவே இல்லை. நாற்பத்துமூன்று இஞ்ச் டிவிகளில் நான்கைக் காட்டி ஒதுங்கி நின்றார். தேர்வு முழுக்க அக்கா கையில்.

"இந்த மீனு படத்தை மொதல்ல நிறுத்துங்க. இது பொண்ணுக்கு மேக்கப் போட்டுக் காட்டற மாதிரி. சாதாரணச் செய்திச் சேனல் போடுங்க" என்றாள். போட்டார்கள். கிட்டே நின்று பார்த்தாள், பத்தடி தள்ளி நின்று பார்த்தாள், பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றில் ஓரத்திலிருந்து பார்த்தால் ஆட்கள் வெளிறிப்போனார்கள். அது கழிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டாள். கடையின் இரைச்சலுக்கு நடுவே அவள் நின்ற நிலையைப் பார்த்தால், வெளியூர் லைன் ஒன்றில் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்றே தோன்றும். "இதுல பேசறவன் தகர டப்பாக்குள்ள உக்காந்து பேசறான்" என்று இன்னொன்றையும் தள்ளினாள். மிச்சமிருந்த இரண்டில் ஒன்று சற்று விலை அதிகம். அதில் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, அதனோடு பேசலாம், சொன்னால் கேட்கும் என்றார் விற்பனையாளர்.

"சொன்னா கேக்கறதுக்கு வீட்டுல என் தம்பி இருக்கான். மத்ததைக் கொடுங்க" என்றாள் அக்கா.

மனைவி நாடாவை எடுத்துக் காலுக்குக் கால் அளந்து தலையசைத்தாள். ரிப்பேருக்கு ஆள் எங்கிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார் என்று அவர் விசாரித்தார். அதை மட்டும் அவருக்கு விட்டுவைத்திருந்தார்கள். ஒதுக்கிய தொகைக்குள் முடிந்தது. பழைய டிவியைத் தெருமுனைக் காவலாளியின் அறைக்குக் கொடுத்தார்கள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கால்பந்துப் போட்டி இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் குளித்துவிட்டு, நாற்காலியைச் சரியான தூரத்தில் போட்டு, ரிமோட்டை வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விசில் ஊதினார்கள். புல் தெரிந்தது. ஒவ்வொன்றாக, தனித்தனியாக. "பாத்தியா, பாத்தியா!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். யார் நம்ம ஆளு, மஞ்சளா வெள்ளையா என்று கேட்டாள். அவருக்கே தெரியவில்லை. வெள்ளை என்று வைத்துக்கொள்வோம் என்றார்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் அவர் தலை சாய்ந்தது. வாரம் முழுக்க ஏறி இறங்கிய உடம்பு. பதினைந்தாவது நிமிடத்தில் குறட்டை கேட்டது. ரிமோட்டை மட்டும் கை இறுகப் பிடித்திருந்தது.

"மாத்திடலாமா அண்ணி?" என்று கேட்டாள் தையல்காரி மெதுவாக. "உங்க நாடகம் வர்ற நேரமாச்சே."

"வேணாம், இருக்கட்டும்" என்றாள் அக்கா. எழுந்துபோய் டிவியின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திச் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு வந்தாள். "அந்தப் பதினேழாம் நம்பர் பையன் நல்லா ஓடறான். அவனுக்கு ஷூ லேஸ் அவுந்திருக்கு, ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான் பாரு."

தையல்காரி குனிந்து பார்த்தாள். ஆமாம், அவிழ்ந்துதான் இருந்தது.